சாவி கொடுக்கிற வாட்சில் இன்னும் என்ன புதுசு?

சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்றைக் காதோரம் வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? டிக் டிக் என்று கேட்கும் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். கொஞ்சம் கவனித்துக் கேட்டால், தகரத்தில் தூறல் விழுவது போல விடாமல் ஓடும் ஒரு சலசலப்பு கேட்கும். இன்றைய சாவி வாட்சுகள் பெரும்பாலானவற்றில் நொடிக்கு 8 சத்தம். உள்ளே ஒன்று ஓடப் பார்க்கிறது, இன்னொன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது, கொஞ்சம் விடுகிறது, மறுபடி நிறுத்துகிறது. அந்தப் பிடித்தலும் விடுதலும்தான் நம் காதுக்கு வருகிற சத்தம்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில், விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் பாலெக்ஸ்போ அரங்கில், ‘வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ்’ என்ற கண்காட்சி நடக்கிறது. 2025இல் ஏப்ரல் 1 முதல் 7 வரை நடந்தது. 60 நிறுவனங்கள் கடை விரித்தன. முதல் சில நாட்கள் வியாபாரிகளுக்கும் பத்திரிகையாளர்களுக்கும். கடைசி மூன்று நாட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அந்த வாரம் வருகிற செய்திகளைப் படிக்கும் புதியவர்களுக்குத் தலை சுற்றும். ‘புது எஸ்கேப்மென்ட்’, ‘உலகிலேயே மெல்லிய டூர்பில்லன்’, ‘41 காம்ப்ளிகேஷன்’ என்று வார்த்தைகள் வந்து விழும். நேரம் காட்டுகிற ஒரு பொருளில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எல்லாம் புரிய ஆரம்பித்தது. எந்தப் புது வாட்சைப் பார்த்தாலும், ‘ஸ்பிரிங்கில் அடைத்து வைத்த சக்தி இதில் எங்கே போகிறது, எவ்வளவு போகிறது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியோடு 2024, 2025 கண்காட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்த சில வாட்சுகளை இங்கே பார்க்கலாம். அதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

சக்தி போகும் பாதை

கிரவுனைத் திருகுகிறோம். வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்னக் குமிழ்தான் கிரவுன். நாம் திருகும்போது உள்ளே ஒரு வட்ட டப்பாவுக்குள் நீளமான எஃகுப் பட்டை ஒன்று இறுக்கிச் சுற்றிக்கொள்கிறது. இதுதான் மெயின் ஸ்பிரிங். சுற்றப்பட்ட ஸ்பிரிங் பழைய நிலைக்கு விரியப் பார்க்கும். அந்த விரியும் வேகம் டப்பாவைச் சுற்ற வைக்கிறது. டப்பாவின் விளிம்பில் இருக்கும் பற்கள் அடுத்த பல்சக்கரத்தைச் சுற்றுகின்றன. அது இன்னொன்றை, அது மற்றொன்றை. ஒரு சக்கரம் மணிக்கு ஒரு சுற்று, இன்னொன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று பற்களின் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு அமைத்திருப்பார்கள். முட்கள் அவற்றோடு சேர்ந்து ஓடும்.

ஆட்டோமேட்டிக் வாட்ச் என்றால் இதே ஸ்பிரிங்கைத்தான் கைக்குப் பதிலாக ஒரு எடைத்தட்டு சுற்றிவிடுகிறது. நாம் கையை அசைக்க அசைக்க அரைவட்டமான அந்தத் தட்டு சுழன்று ஸ்பிரிங்கை ஏற்றும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

இத்தோடு விட்டுவிட்டால் என்ன ஆகும்? முழுதாகச் சாவி கொடுத்த ஸ்பிரிங் சடசடவென்று விரிந்து, முட்கள் விசிறி போலச் சுற்றி, சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இரண்டு நாள் ஓட வேண்டிய சக்தியைத் துளித்துளியாக, ஒவ்வொரு துளியும் ஒரே அளவாக வெளியே விட ஒரு காவல்காரர் வேண்டும். அந்தக் காவல்காரர்தான் எஸ்கேப்மென்ட். அவருக்குத் தாளம் சொல்பவர் பேலன்ஸ் வீல்.

இந்த இடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் முதலில் தெரிவது, முன்னும் பின்னும் ஊசலாடுகிற ஒரு பொன்னிற வளையம். அதுதான் பேலன்ஸ் வீல். அதன் நடுவில் கொசுவத்திச் சுருள் போல ஒரு ஸ்பிரிங் சுருங்கி விரிந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். பெயர் ஹேர் ஸ்பிரிங். தலைமுடியை விட மெல்லியது. வளையம் ஒரு பக்கம் போனால் ஹேர் ஸ்பிரிங் அதை இழுத்துக்கொண்டுவரும், வந்த வேகத்தில் அது மறுபக்கம் போகும், மறுபடி இழுக்கும். ஊஞ்சலை யோசித்துக்கொள்ளுங்கள். 1675இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற டச்சு அறிவியலாளர் இந்தச் சுருள் ஸ்பிரிங்கை வாட்சுக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன் இருந்த வாட்சுகள் நம்பி நேரம் பார்க்கிற அளவில் இல்லை.

வளையத்துக்குக் கீழே நங்கூரம் போன்ற ஒரு குட்டி நெம்புகோல். அதன் இரண்டு கைகளிலும் சிவப்பாக மின்னுகிற இரண்டு கற்கள். அவை செயற்கை மாணிக்கம். உரசல் குறைய வேண்டும், தேயக் கூடாது என்பதற்காக வைப்பது. பேலன்ஸ் வீல் ஒவ்வொரு முறை நடுவைக் கடக்கும்போதும் நெம்புகோலை ஒரு தட்டு தட்டும். உடனே ஒரு கல் விலகும், சக்கரத்தின் ஒரு பல் நழுவும், போகிற போக்கில் கல்லை ஒரு தள்ளு தள்ளும், அந்தத் தள்ளு பேலன்ஸ் வீலுக்குப் போய்ச் சேரும். அதற்குள் மறுபக்கத்துக் கல் வந்து அடுத்த பல்லைப் பிடித்துவிடும். ஊஞ்சல் ஓயாமல் இருக்க ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தள்ளு. அதே நேரத்தில் சக்கரத்துக்கு ஒரே ஒரு அடி முன்னேற அனுமதி. இரண்டும் ஒரே தொடுதலில் நடந்துவிடுகின்றன. முதல் முறை பார்த்தபோது இதை விட்டுக் கண்ணை எடுக்க எனக்கு வெகுநேரம் மனசு வரவில்லை.

நொடிக்கு 8 முறை என்றால் மணிக்கு 28,800. ஒரு நாளைக்கு 6,91,200. வருடத்துக்கு 25 கோடிக்கும் மேல். ஒரு நாளில் 86,400 நொடிகள் இருக்கின்றன. நல்ல மெக்கானிக்கல் வாட்ச் நாளொன்றுக்கு 5 நொடி தப்பினால்கூட அது 0.006 சதவீதம்தான். சுவிட்சர்லாந்தில் கோஸ்க் என்ற அமைப்பு வாட்சின் இயந்திரத்தை 15 நாட்கள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் சோதிக்கிறது. சராசரியாக நாளுக்கு 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம். அதற்குள் நின்றால் ‘க்ரோனோமீட்டர்’ என்று சான்றிதழ் தருகிறது.

இவ்வளவு பாடு எதற்கு?

நியாயமான கேள்வி. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ‘ஆஸ்ட்ரான்’ என்ற, பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று சாதாரண குவார்ட்ஸ் வாட்சுக்குள் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் இருக்கிறது. எட்டு எங்கே, முப்பதாயிரம் எங்கே! துல்லியத்தில் போட்டியே இல்லை. 1970இல் சுவிஸ் வாட்ச் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 80களின் நடுவில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

ஆனாலும் சாவி வாட்ச் சாகவில்லை. பேட்டரி இல்லாமல், சிப் இல்லாமல், உலோகத்தையும் ஸ்பிரிங்கையும் வைத்தே நேரத்தைப் பிடிக்க முடிகிறது என்பதே அதை விரும்புகிறவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஒழுங்காகச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் தலைமுறை கடந்தும் ஓடும். பழுதானால் என்ன பழுது என்று கண்ணால் பார்க்கலாம். நான் இதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

ஜெனீவாவுக்கு முன்னால் இந்தத் தொழிலின் பெரிய சந்தை பாசெல் நகரம். 1917இல் தொடங்கிய வணிகக் கண்காட்சியின் வழி வந்த ‘பாசெல்வேர்ல்ட்’ கடைசியாக 2019இல் நடந்தது. 1991 முதல் ஜெனீவாவில் தனியாக நடந்துவந்த இன்னொரு கண்காட்சிதான் பெயர் மாறி இன்றைய ‘வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ்’ ஆகியிருக்கிறது.

காவல்காரரை மாற்றிய வாட்ச்

2025 கண்காட்சியில் எல்லாரும் பேசியது ரோலெக்ஸின் ‘லேண்ட்-ட்வெல்லர்’ பற்றி. தேன்கூடு போன்ற டயல், கேஸோடு ஒட்டிப் பிறந்த மாதிரியான பட்டை என்று அதன் தோற்றம் பற்றித்தான் முதலில் வாதம் நடந்தது. எனக்கு அந்த டயல் சுமார்தான். உள்ளே இருப்பதுதான் விஷயம்.

மேலே பார்த்த நெம்புகோல் எஸ்கேப்மென்டை 1750களில் தாமஸ் மட்ஜ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். மெருகேற்றி, மெருகேற்றி, கிட்டத்தட்ட எல்லா மெக்கானிக்கல் கைக்கடிகாரங்களிலும் இன்றும் அதுதான் இருக்கிறது. உறுதியானது, நம்பகமானது. குறை என்னவென்றால் உரசல். சக்கரத்தின் பல் கல்லின் மேல் சறுக்கிக்கொண்டேதான் தள்ளுகிறது. சறுக்கல் இருந்தால் எண்ணெய் வேண்டும். எண்ணெய் காலப்போக்கில் கெட்டியாகும். கெட்டியானால் நேரம் தப்பும். அது போக, ஸ்பிரிங்கிலிருந்து வந்த சக்தியில் பெரும் பங்கு இந்த இடத்திலேயே வீணாகிவிடுகிறது. நம் கேள்விக்கு முதல் பதில் இதுதான்: சக்தி அதிகம் ஒழுகுகிற ஓட்டை காவல்காரரின் வாசலில் இருக்கிறது.

ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் இந்தச் சறுக்கலைக் குறைத்து ‘கோ-ஆக்சியல்’ என்ற எஸ்கேப்மென்டை உருவாக்கினார். ஒமேகா அதை 1999இல் தன் வாட்சில் வைத்தது. ரோலெக்ஸ் 2025இல் காட்டியது வேறு வழி. பெயர் ‘டைனாபல்ஸ்’. இதில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு குட்டிச் சக்கரங்கள். இரண்டும் சிலிக்கானில் செய்தவை. அவை மாறி மாறி ஒரு சின்ன ஊசலியைத் தள்ள, அது பேலன்ஸ் வீலைத் தள்ளுகிறது. பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்து உருளுகிற மாதிரியான தொடுதல், ஆகவே சறுக்கல் குறைவு. வழக்கமான எஸ்கேப்மென்டை விட 30 சதவீதம் சிக்கனம் என்று ரோலெக்ஸ் சொல்கிறது. இரண்டு சக்கரங்கள் என்ற யோசனை 200 ஆண்டுப் பழசு. ஆபிரகாம்-லூயி ப்ரெகே என்ற கடிகாரக் கலைஞர் முயன்று பார்த்திருக்கிறார். அன்றைய உலோகமும் கருவிகளும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

மிச்சம் பிடித்த சக்தியை என்ன செய்தார்கள் என்பதுதான் அழகு. தாளத்தை ஏற்றினார்கள். நொடிக்கு 8க்குப் பதில் 10, அதாவது மணிக்கு 36,000. தாளம் வேகமாக இருந்தால் கை அசைவும் அதிர்ச்சியும் அதை எளிதில் கெடுக்காது. வேகமாகச் சுற்றும் பம்பரத்தை லேசாகத் தட்டினாலும் அது நிலை குலையாமல் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடிக்கடி தள்ளினால் ஸ்பிரிங் சீக்கிரம் காலியாகும். 36,000 என்பது புதுசு ஒன்றும் அல்ல; ஜெனித் நிறுவனத்தின் ‘எல் ப்ரிமேரோ’ 1969லேயே அந்த வேகத்தில் ஓடியது. லேண்ட்-ட்வெல்லர் அதே வேகத்தில் ஓடிக்கொண்டு, ஒரு முறை முழுதாக ஏற்றினால் சுமார் 66 மணி நேரம் தாங்குகிறது. வெள்ளிக்கிழமை இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலை வரை ஓடும்.

சிலிக்கான் பற்றி ஒரு வார்த்தை. 2001இல் யுலிஸ் நார்தான் நிறுவனம் ‘ஃப்ரீக்’ என்ற வாட்சின் எஸ்கேப்மென்டில் முதலில் வைத்தது. லேசானது, எண்ணெய் கேட்காது, காந்தம் அண்டாது. இந்தக் கடைசி விஷயத்தின் அருமை எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். என் வாட்ச் ஒரு நாள் திடீரென்று பல நிமிடம் முந்தி ஓட ஆரம்பித்தது. கீழே போடவில்லை, தண்ணீரில் நனைக்கவில்லை. முதல் நாள் இரவு கழற்றி ஒரு ஸ்பீக்கரின் மேல் வைத்திருந்தேன், அவ்வளவுதான். எஃகு ஹேர் ஸ்பிரிங் காந்தமேறி அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிட, ஊசல் வேகமெடுத்துவிட்டது. காந்தம் நீக்குகிற கருவியின் மேல் சில நொடிகள் பிடித்ததும் சரியாகிவிட்டது. உங்கள் வாட்ச் காரணமில்லாமல் முந்தினால், திறந்து பார்ப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

தாளக்காரரை மாற்றிய வாட்ச்

அதே 2025இல் கிராண்ட் சீக்கோ ‘ஸ்பிரிங் டிரைவ் யு.எஃப்.ஏ.’ என்ற வாட்சைக் கொண்டுவந்தது. என் பட்டியலில் இதற்கு மிக உயர்ந்த இடம்.

இதில் மெயின் ஸ்பிரிங் உண்டு, பல்சக்கரங்கள் உண்டு. பேட்டரி கிடையாது. ஆனால் பாதையின் கடைசியில் தட்டித் தட்டி நிறுத்துகிற நெம்புகோலும் ஊசலாடுகிற வளையமும் இல்லை. அந்த இடத்தில் நொடிக்கு 8 முறை ஒரே திசையில் சுழல்கிற ஒரு சக்கரம் இருக்கிறது. அது சுழலும்போது துளி மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகமும் ஒரு சிப்பும் உயிர்பெற்று, சக்கரம் சரியான வேகத்தில் போகிறதா என்று பார்த்து, கூடினால் காந்தவிசையால் பிரேக் பிடிக்கின்றன. தொடுதலே இல்லாத பிரேக். ஆக, ஓட வைப்பது ஸ்பிரிங். அளவு சொல்வது படிகம். படிகத்துக்குச் சோறு போடுவதும் அதே ஸ்பிரிங்.

இந்த யோசனை 1977இல் சீக்கோவின் பொறியாளர் யோஷிகாசு அகஹானேவுக்கு வந்தது. விற்பனைக்கு வர 1999 ஆகிவிட்டது. அந்தத் துளி மின்சாரத்தில் பிழைக்கிற அளவுக்குச் சிக்கனமான சிப் கிடைக்க அவ்வளவு காலம். 2025 வாட்சின் துல்லியம் வருடத்துக்கு 20 நொடி முன்னே பின்னே. கவனியுங்கள், நாளுக்கு அல்ல, வருடத்துக்கு. வேறு எந்த ஸ்பிரிங் வாட்சுக்கும் இதன் பக்கத்தில் வர முடியாது.

இதை மெக்கானிக்கல் வாட்ச் என்று சொல்லலாமா என்று ஒரு சண்டை எப்போதும் நடக்கும். என் கணக்கில் சொல்லலாம். சக்தி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. அப்புறம் அந்த நொடி முள் இருக்கிறதே, விட்டு விட்டுத் துள்ளாமல் நீர் வழிவது போல வழுக்கிக்கொண்டு போகும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

மெலிவும் டூர்பில்லனும்

டூர்பில்லன் என்ற வார்த்தை எல்லாச் செய்தியிலும் வரும். கதை சுருக்கமாக இதுதான். அந்தக் காலத்தில் வாட்ச் கோட்டுப் பையில் செங்குத்தாகத் தொங்கும். பேலன்ஸ் வீலில் ஒரு பக்கம் இம்மி கனம் அதிகம் என்றால், புவியீர்ப்பு எப்போதும் அதே பக்கம் இழுத்து நேரத்தைக் கெடுக்கும். ப்ரெகே ஒரு யோசனை செய்தார்: எஸ்கேப்மென்டையும் பேலன்ஸ் வீலையும் ஒரு கூண்டில் போட்டு, கூண்டையே நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றவிட்டால் பிழை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். 1801 ஜூன் 26 அன்று காப்புரிமை வாங்கினார்.

கையில் கட்டுகிற வாட்ச் நாள் முழுக்கத் திரும்பிக்கொண்டே இருப்பதால் இன்று அதற்குப் பெரிய அவசியம் இல்லை. டூர்பில்லன் இருப்பதால் மட்டுமே ஒரு வாட்ச் துல்லியமானது என்று புதியவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் செய்வதற்குக் கடினம். கூண்டு சுற்றுவதற்கும் சக்தி வேண்டும். அதனால் அது கைத்திறனுக்கான பரீட்சையாக நிலைத்துவிட்டது.

அந்தப் பரீட்சையைப் புல்காரி 2025இல் எழுதிய விதம் அசர வைத்தது. ‘ஆக்டோ ஃபினிசிமோ அல்ட்ரா டூர்பில்லன்’ வாட்சின் மொத்தத் தடிமன் 1.85 மில்லிமீட்டர். இயந்திரத்தின் தடிமன் மட்டும் அல்ல. கண்ணாடி, அடித்தகடு எல்லாம் சேர்த்து. ஏ4 தாள் 18 அல்லது 19 எடுத்து அடுக்கினால் அந்த உயரம் வரும். அதற்கு முந்தைய ஆண்டு பியாஜே நிறுவனம் 2 மில்லிமீட்டரில் செய்து காட்டியிருந்தது. வழக்கமாக டப்பாவுக்கு மேல் சக்கரம், சக்கரத்துக்கு மேல் தகடு, அதற்கு மேல் டயல், முள் என்று அடுக்குவார்கள். இங்கே அடுக்க இடமில்லை. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, வாட்சின் அடித்தகட்டையே இயந்திரத்தின் அடிப்பலகையாக ஆக்கியிருக்கிறார்கள். மெலிந்த டப்பாவுக்குள் மெலிந்த ஸ்பிரிங்தான் போகும், மெலிந்த ஸ்பிரிங்கில் குறைந்த சக்திதான் நிற்கும். அந்தக் குறைந்த சக்தியில் கூண்டையும் சேர்த்துச் சுற்ற வைத்ததுதான் சாதனை. தினமும் கட்டிக்கொள்ள நான் இதைத் தேர்வு செய்ய மாட்டேன். பார்த்துக்கொண்டிருக்கச் சம்மதம்.

கார்டியே கொண்டுவந்த ‘டாங்க் ஆ கிஷே’ இதற்கு நேரெதிரான அமைதி. 1928இல் செய்த ஒன்றின் மறுபிறவி. முள்ளே இல்லை. முகம் முழுக்க வழவழப்பான உலோகம். அதில் இரண்டு சின்ன ஜன்னல்கள். ஒன்றில் மணி, ஒன்றில் நிமிடம். நிமிடத் தட்டு மெதுவாக நகரும். 60ஐத் தொட்டதும் மணி எண் ஒரே துள்ளலில் மாறும். அந்தத் துள்ளலுக்கு வேண்டிய சக்தியை ஒரு மணி நேரம் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்து ஒரே நொடியில் செலவழிக்க வேண்டும், அதுவும் பேலன்ஸ் வீலின் தாளம் கலையாமல். வெளியே இவ்வளவு எளிமையாக இருப்பதால் உள்ளே நடக்கும் இந்தச் சேமிப்புக் கணக்கைப் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

நாள்காட்டி தெரிந்த சக்கரங்கள்

மணி, நிமிடம், நொடி தவிர ஒரு வாட்ச் செய்கிற கூடுதல் வேலை ஒவ்வொன்றுக்கும் ‘காம்ப்ளிகேஷன்’ என்று பெயர். தேதி காட்டினால் ஒன்று, நிலவின் பிறை காட்டினால் ஒன்று, பொத்தானை அழுத்தியதும் மணியோசையில் நேரம் சொன்னால் ஒன்று. 2025இல் 270ஆம் ஆண்டைக் கொண்டாடிய வஷெரோன் கான்ஸ்டன்டின் நிறுவனம் ‘சொலாரியா’ என்ற கைக்கடிகாரத்தில் 41 காம்ப்ளிகேஷன்களைச் சேர்த்தது. 1,521 பாகங்கள், எட்டு ஆண்டு உழைப்பு, ஒரே ஒரு பிரதி. குறிப்பிட்ட ஒரு நட்சத்திரம் இன்னும் எவ்வளவு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் என்று கணக்கிடுவதும் அவற்றில் ஒரு வேலை. இத்தனையையும் 45 மில்லிமீட்டர் அகலத்துக்குள் வைத்ததற்கு மரியாதை செலுத்தியே ஆக வேண்டும்.

ஆனால் என் மனசில் தங்கியது 2024இல் ஐ.டபிள்யூ.சி. நிறுவனம் காட்டிய ‘போர்ச்சுகீசர் எடர்னல் காலண்டர்’. இதைப் புரிந்துகொள்ள முதலில் ‘பெர்பெச்சுவல் காலண்டர்’ என்றால் என்ன என்று பார்ப்போம்.

சாதாரண தேதி வாட்சுக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். 30 நாள் மாதம் முடிந்தால் நாமே திருகி 1ஆம் தேதிக்குக் கொண்டுவர வேண்டும். பெர்பெச்சுவல் காலண்டர் வாட்சுக்கு எந்த மாதத்துக்கு எத்தனை நாள், எந்த ஆண்டு லீப் ஆண்டு என்று தெரியும். சிப் இல்லாத ஒரு பொருளுக்கு எப்படித் தெரியும்? உள்ளே ஒரு தட்டு, நான்கு ஆண்டுக்கு ஒரு சுற்று சுற்றும். அதன் விளிம்பில் 48 மாதங்களுக்கு 48 இடங்கள். 31 நாள் மாதமென்றால் விளிம்பு மேடாக இருக்கும். 30 நாளென்றால் லேசான பள்ளம். பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். லீப் ஆண்டு பிப்ரவரிக்கு மட்டும் அதைவிடக் கொஞ்சம் ஆழம் குறைவு. ஒரு நெம்புகோலின் மூக்கு அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் மூக்கு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறதோ, அதற்கேற்ப அத்தனை நாட்களைத் தாண்டித் தேதித் தட்டு 1க்குப் போகும். விரல் நுனியில் அடங்குகிற ஒரு உலோகத் தட்டின் விளிம்பில் நான்கு ஆண்டுகளை மேடு பள்ளமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. நம் நாள்காட்டியில் நான்கால் வகுபடுகிற எல்லா ஆண்டும் லீப் ஆண்டு அல்ல. 2100, 2200, 2300 மூன்றும் லீப் ஆண்டுகள் அல்ல. 2400 லீப் ஆண்டு. நான்கு ஆண்டுத் தட்டுக்கு இது தெரியாது. அதனால் பெர்பெச்சுவல் காலண்டர் வாட்சுகள் அநேகமாக எல்லாமே 2100 மார்ச் 1 அன்று ஒரு நாள் தப்பாகக் காட்டும். யாராவது திருத்த வேண்டும். ஐ.டபிள்யூ.சி. இன்னொரு சக்கரத்தைச் சேர்த்தது. 400 ஆண்டுக்கு ஒரே ஒரு சுற்று. அதன் விளிம்பில் மூன்று பள்ளங்கள், அந்த மூன்று நூற்றாண்டுகளுக்கு. அதனால் 3999 வரை கை வைக்க வேண்டியதில்லை.

நிலவின் கணக்கும் அப்படித்தான். நிலவின் சுற்று சராசரி 29.53 நாள். எளிய வாட்சுகளில் அதை 29 அரை நாள் என்று வைத்து 59 பற்கள் கொண்ட தட்டைப் பயன்படுத்துவார்கள். இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆனால் ஒரு நாள் பிசகும். 135 பல் தட்டுப் போட்டால் ஒரு நாள் பிசக 122 ஆண்டு ஆகும். எடர்னல் காலண்டரில் ஒரு நாள் பிசக 4.5 கோடி ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டுச் சக்கரங்களை அமைத்திருக்கிறார்கள். அவ்வளவு துல்லியம் யாருக்கும் தேவையில்லை என்று சொல்லலாம்தான். சரி. ஆனால் பற்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்து வானத்தின் கணக்கை இவ்வளவு கிட்டத்தில் போய்த் தொட முடியும் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

அதுவும் ஒரு ஸ்பிரிங்கை நம்பித்தான் ஓடுகிறது. ஆட்டோமேட்டிக் என்பதால் கையில் கட்டியிருக்கும் வரை கவலை இல்லை. கழற்றி வைத்தால் முழுதாக ஏறிய ஸ்பிரிங் 7 நாள் தாங்கும். எட்டாம் நாள் யாராவது அதைக் கையில் எடுத்து, சாவி கொடுத்து, நாளையும் பிறையையும் இன்றைய தேதிக்குக் கொண்டுவர வேண்டும்.